ஒற்றை நாற்றும் நடவுக் கைகளும்

பழனி மலைத்தொடர் சமவெளிக்கு இறங்கும் இடத்தில் இருக்கிறது கன்னிவாடி. நாயக்கர் காலத்தில் பாளையமாகவும் பிறகு ஜமீனாகவும் இருந்த ஊர். இன்று திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரம் பகுதியில் ஒரு பேரூராட்சி. திண்டுக்கல்லிலிருந்து போகும் வழியெல்லாம் மக்காச்சோளமும் முருங்கையும் தென்னையும் காய்கறித் தோட்டங்களும்தான் கண்ணில் படும். நெல் இங்கே எல்லா இடத்திலும் விளைவதில்லை. மலையிலிருந்து வரும் ஓடைகள் குளத்தை நிரப்பினால் அதற்குக் கீழே உள்ள நஞ்சையில் ஒரு போகம். கிணற்றில் தண்ணீர் நின்றால் அதைக்கொண்டு இன்னும் கொஞ்சம். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் வைத்திருப்பவருக்கு நெல் முதலில் வீட்டுச் சாப்பாடு. மிஞ்சினால்தான் விற்பனை.

தண்ணீர் குறைவு, நிலம் குறைவு, கையிருப்பும் குறைவு. இப்படிப்பட்ட உழவருக்கும் விளைச்சலைக் கூட்டித் தரும் என்று சொல்லப்படும் செம்மை நெல் சாகுபடி இந்த மண்ணில் எப்படி நடக்கிறது, யார் கையால் நடக்கிறது என்று பார்க்க ஐப்பசியில் அந்தப் பக்கம் போயிருந்தேன்.

குளத்துக்குக் கீழ்ப்புறம் முக்கால் ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பெரியவர் விதைநெல் தேர்ந்துகொண்டிருந்தார். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், அதன் அடியில் ஒரு கோழிமுட்டை. கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கையால் கலக்கிக்கொண்டே இருந்தார். முட்டை மெல்ல எழும்பி, அதன் முதுகு பழைய நாலணா அகலத்துக்கு வெளியே தெரிந்ததும் உப்புப் போடுவதை நிறுத்தினார். முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டினார். பதரும் அரைமணியும் மிதந்தன. அவற்றை அரித்தெடுத்துத் தள்ளினார். அடியில் தங்கிய கனத்த மணிகளை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினார். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெட்டுவிடும்.

"ரெண்டு கிலோதான் தம்பி வெத. முன்னயெல்லாம் முப்பது கிலோ வெதப்போம், நாலு மணி பொக்காப் போனா யாரு பாத்தா? இப்ப ஒரு மணி போனா ஒரு பயிரு போச்சு."

அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுத்தர ரக நெல்லில் ஆயிரம் மணி சுமார் 20 கிராம் இருக்கும். 2 கிலோவில் ஒரு லட்சம் மணி. செம்மை முறையில் 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் சதுரமாக நடுகிறார்கள். சதுர மீட்டருக்கு 16 குத்து, ஏக்கருக்கு ஏறக்குறைய 65,000 குத்து. குத்துக்கு ஒரே நாற்று. வழக்கமான நெருக்க நடவில் சதுர மீட்டருக்கு 50 குத்து என்றால் ஏக்கருக்கு 2 லட்சம் குத்து. குத்துக்கு இரண்டு மூன்று நாற்று வைத்தால் 4 லட்சம் முதல் 6 லட்சம் நாற்று வரை மண்ணுக்குள் போகும். எட்டு சென்ட் நாற்றங்கால் ஒரே சென்ட்டாகச் சுருங்குவது இதனால்தான். விதைச் செலவு, நாற்றங்காலுக்குப் பாய்ச்சும் தண்ணீர், உரம் எல்லாம் அதோடு சேர்ந்து சுருங்குகின்றன.

ஆறு லட்சம் நாற்று தருவதை அறுபத்தைந்தாயிரம் நாற்று எப்படித் தரும்? விடை நாற்றின் வயதில் இருக்கிறது. நெல் பக்கத் தூர் விட்டுப் பெருகும் பயிர். மூன்று இலைப் பருவத்தில், 14 நாளுக்குள் வயலுக்கு வந்துவிட்ட நாற்று, பக்கத் தூர் வெடிக்கும் காலம் முழுவதையும் வயலிலேயே கழிக்கிறது. 25, 30 நாள் நாற்றங்காலில் நெருக்கத்தில் நின்று, பிறகு வேர் அறுபடப் பிடுங்கப்பட்டு நடப்படும் நாற்று, அந்தக் காலத்தில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு குத்துக்கும் வெளிச்சம் கிடைக்கிறது, வேர் ஓட இடம் கிடைக்கிறது. நன்றாகத் தூர் கட்டிய குத்தில் முப்பதுக்கு மேல் கதிர் எண்ணலாம்.

இந்த முறை மடகாஸ்கர் தீவில் உருவானது. அங்கே உழவர்களோடு வேலைசெய்த பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் ஆன்ரி தெ லொலானியே 1983ல் 15 நாள் நாற்றை நட வேண்டி வந்தபோது, அந்த இளநாற்று எதிர்பார்த்ததைவிட அதிகம் தூர் கட்டியதைக் கண்டார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்ஹாஃப் பிற்பாடு அதைப் பல நாடுகளுக்கு எடுத்துச் சென்றார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000ல் ஆய்வைத் தொடங்கியது. தி. ம. தியாகராஜன் முன்னின்று 2003ல் தாமிரபரணிப் பாசனத்தில் 100 உழவர் வயல்களில் நடத்திய ஒப்பீட்டில், வழக்கமான நடவில் ஹெக்டேருக்குச் சராசரி 5.7 டன், புதிய முறையில் 7.2 டன் கிடைத்தது. ஒற்றை நாற்று நமக்குப் புதிதும் அல்ல. 1910களிலேயே சென்னை மாகாண வேளாண் துறை அதைப் பரப்ப முயன்றிருக்கிறது. ஹெக்டேருக்கு 20 டன் என்று மடகாஸ்கரிலிருந்து வந்த கணக்குகளைப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் 2004ல் கடுமையாக மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. முக்கால் ஏக்கர்காரருக்கு இருபது டன் கனவு தேவையில்லை; தாமிரபரணியில் கிடைத்த ஒன்றரை டன் கூடுதலில் அவர் பங்கு கிடைத்தாலே வீட்டுக் குதிர் அடுத்த அறுவடை வரை தாங்கும்.

அந்தக் கூடுதல் உண்மையில் எங்கே உண்டாகிறது என்பதைப் பக்கத்து வயலில் நடவு நடந்தபோது பார்த்தேன். எட்டுப் பெண்கள் கொண்ட கொத்து. பரம்படித்துச் சமப்படுத்திய வயலில் தண்ணீர் தேங்கவில்லை, சேறு மட்டும் பளபளத்தது. இரண்டு பக்க வரப்பிலும் ஆள் நின்று, கால் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். நாற்றைப் பிடுங்கி முடி கட்டவில்லை. மண்ணோடு பெயர்த்துத் தட்டில் வைத்து எடுத்து வந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் நட்டுவிட வேண்டும்.

கொத்துக்குத் தலைவியான அக்காவின் விரல்களையே கவனித்தேன். விரல் உயர நாற்று, அடியில் விதையின் உமி இன்னும் ஒட்டியிருந்தது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வேரடியைப் பிடித்து, முடிச்சுக்கு நேராகச் சேற்றின் மேல்பரப்பில் பக்கவாட்டில் இழுத்து வைத்தார். அழுத்தவில்லை. பழைய நடவில் நாற்றைச் செங்குத்தாக ஊன்றுவார்கள். அப்போது வேர் நுனி மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும், மறுபடி கீழே திரும்பப் பல நாள் பிடிக்கும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கவைத்த நாற்று மறுநாளே மண்ணைப் பிடிக்கத் தொடங்கிவிடுகிறது.

"கட்டு நாத்துன்னா கண்ண மூடிக்கிட்டு நட்ருவேன் தம்பி. இது பச்சப் புள்ளயத் தொட்டில்ல போடுற மாதிரி. மொத வருசம் எங்களுக்கு விரலு வரல. ஏக்கருக்குப் பத்துப் பன்னெண்டு ஆளு வேணும்ன்னு நிலத்துக்காரங்களோட சண்ட. இப்ப எட்டுப் பேரே போதும்."

இந்த வேலையை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். "எங்கள எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிட்டதில்ல. நிலத்துக்காரர் போய்க் கேட்டுட்டு வந்து வரப்புல நின்னு சொன்னாரு. நாங்களா நட்டு நட்டுப் பழகுனதுதான்."

நான் சொல்ல வந்ததும் இதுதான். செம்மை முறை புதிய விதையையோ மருந்தையோ கடையில் வாங்கச் சொல்வதில்லை. வயது, இடைவெளி, ஆழம், ஈரம் ஆகிய நான்கையும் சரியாகச் செய்யச் சொல்கிறது. அவற்றில் இடைவெளியும் ஆழமும் முழுக்க முழுக்க நடவுப் பெண்களின் கையில் இருப்பவை. அறிவுரை நிலம் உள்ளவருக்குப் போகிறது. வேலை நிலம் இல்லாதவர் விரலில் இருக்கிறது. விளைச்சல் கூடுவதும் கூடாமல் போவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தீர்மானமாகிறது. இந்த முறையை ஒரு போகம் செய்துவிட்டுக் கைவிட்டவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே காரணம் வருகிறது: "நடவு ஆளு ஒத்துக்கல." அந்த ஆட்களிடம் யாராவது முன்கூட்டியே உட்கார்ந்து பேசினார்களா என்ற கேள்விக்குத்தான் பதில் வருவதில்லை.

களையெடுப்பிலும் இதே நிலைதான். நட்ட பத்தாம் நாள் கோனோவீடர் என்ற களைக்கருவி இறங்குகிறது. முன்னால் ஒரு மிதவை, பின்னால் பல் வைத்த இரண்டு கூம்பு உருளைகள், நீண்ட கைப்பிடி. குத்துகளுக்கு நடுவே முன்னும் பின்னும் தள்ளி இழுக்க வேண்டும். சதுர நடவு என்பதால் நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்டலாம். களை சேற்றில் அமுங்கி அங்கேயே உரமாகிறது, மண் கிளறப்பட்டு வேருக்குக் காற்று போகிறது. பத்து நாளுக்கு ஒரு தடவை, நாற்பது நாள் வரை ஓட்டினால் பயிர் தூர் கட்டுவது கண்கூடாகத் தெரியும். ஆனால் கருவி கனம். களிமண் வயலில் ஒரு சால் போய் வருவதற்குள் தோள்பட்டை வலிக்கும். முன்பு பெண்கள் குனிந்து கைக்களை எடுத்துச் சம்பாதித்த கூலி நாட்கள், கருவி வந்ததும் பெரும்பாலும் ஆண்களிடம் போய்விட்டன. விளைச்சல் கூடியதற்கான விலையை நடவுக் கொத்து கொடுக்க வேண்டிவருவது நியாயமல்ல. இலகுவான கருவியும், அதை ஓட்டும் வேலையில் பெண்களுக்கு முதலிடமும் இருந்தால் அந்த நாட்கள் அவர்களிடமே தங்கும்.

தண்ணீர் விஷயத்தில் கன்னிவாடிக்கு என்று தனிச் சிக்கல் உண்டு. செம்மை முறையில் வயலில் தண்ணீர் கட்டி நிறுத்துவதில்லை. தூர் கட்டும் பருவம் முடியும்வரை, மயிரிழை போல வெடிப்புக் கண்டதும் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும்; மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் மிச்சமாகும். கிணற்றுப் பாசனக்காரருக்கு இது கைவசமான வேலை. குளத்துப் பாசனக்காரருக்கு அப்படியில்லை. மழை பிந்தினால் மடை திறப்பதும் பிந்தும், 14 நாள் நாற்று 25 நாள் நாற்றாகிவிடும். மடை திறந்த அதே வாரத்தில் பெருமழை கொட்டினால் விரல் உயர நாற்று மூழ்கிப்போகும். நான் போனபோது பெரியவர் இரண்டாம் தடவையாக விதை தேர்ந்துகொண்டிருந்ததற்கு அதுதான் காரணம். ஒரு வார இடைவெளி விட்டு இரண்டு பாத்தியாக விதைக்கிறார். முதல் பாத்தி முற்றிவிட்டால் இரண்டாவது இருக்கும். ஒரே சென்ட் நாற்றங்கால் என்பதால் அவருக்கு இது கட்டுப்படியாகிறது. வரப்போரத்தில் வடிகால் வாய்க்காலும் வெட்டி வைத்திருந்தார். எந்தக் கையேடும் எதிர்பாராத இடத்தில் இந்த ஊர் உழவர் முறையைத் தன் குளத்துக்கு ஏற்றபடி திருத்திக்கொள்கிறார்.

நிலமில்லாத பெண்களிடம் தொழில்நுட்பத்தை நேரடியாக ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கன்னிவாடி வட்டாரத்தில் நீண்ட காலமாக வேலை செய்து வருகிறது. இங்குள்ள மகளிர் சுயஉதவிக் குழுவினர், பயிர்ப்பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவியின் அட்டைகளைத் தாங்களே தயாரித்து உழவர்களுக்கு விற்றிருக்கிறார்கள். அந்துப்பூச்சி வளர்த்து, அதன் முட்டைகளைச் சேகரித்து அட்டையில் ஒட்டி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவியை அவற்றில் முட்டையிட வைக்க வேண்டும். வெப்பமும் சுத்தமும் சற்றுப் பிசகினால் மொத்தமும் பாழ். ஆய்வகத்துக்கு உரியது என்று நினைக்கப்பட்ட வேலையை இந்த ஊர்ப் பெண்கள் பழகித் தொழிலாக்கினார்கள். அப்படிப்பட்ட ஊரில் நடவுப் பெண்களுக்கு ஒற்றை நாற்று நடவை முறையாகக் கற்றுத்தர முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

2010ல் செம்மை நெல் சாகுபடிக்கு அரசு ராஜராஜன் 1000 என்று பெயர் சூட்டியது. இந்த முறையில் மாநிலத்திலேயே அதிக விளைச்சல் எடுக்கும் உழவருக்கு, உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு பெயரில் 5 லட்சம் ரூபாய் விருதும் பிற்பாடு ஏற்பட்டது. அந்த உழவர் அதற்கு முழுத் தகுதி உடையவர். அவர் வயலில் கயிற்று முடிச்சுக்கு முடிச்சு அறுபத்தைந்தாயிரம் நாற்றைப் படுக்கவைத்த கொத்தும் அதே மேடையில் ஏறத் தகுதி உடையதுதான்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையும் அல்ல. ஊருக்கு இரண்டு நடவுக் கொத்துகளைத் தேர்ந்து, கூலியோடு பயிற்சி கொடுக்க வேண்டும். வேலை நாளை இழந்து வந்து கற்றுக்கொள்ளச் சொல்வது கொடுமை. பயிற்சி பெற்ற கொத்துக்கு ஆள் கணக்கில் இல்லாமல் ஏக்கர் கணக்கில் கூலி பேச வேண்டும். கை தேறத் தேற மிச்சமாகும் நேரம் அப்போது அவர்களுடைய வருமானமாகும். நிலத்துக்காரருக்கும் அதில் நட்டமில்லை. தேறிய கை நட்ட வயலுக்கும் தேறாத கை நட்ட வயலுக்கும் உள்ள வேறுபாடு அறுவடையில் மூட்டைக் கணக்கில் தெரிந்துவிடும்.

நானே பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நடவு முடிந்து கரையேறிய அந்த அக்கா, வரப்பில் நின்ற நிலத்துக்காரரிடம், "அண்ணே, வடமேற்கு மூலையில பள்ளம் இருக்கு, தண்ணி நிக்கும். அங்க நட்ட நாத்து தாங்காது, வடிச்சு விட்ருங்க" என்றார். அவரும் உடனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். வயலின் மேடு பள்ளம் முழுவதையும் காலால் அளந்திருந்தவர் அந்த அக்காதான். விளைச்சலைப் பெருக்க விரும்புகிற யாரும் முதலில் போய்க் கேட்க வேண்டியது இந்தப் பெண்களிடம்.