கையெழுத்துக்குப் பிறகு

மாப்பிள்ளைக்குக் கல்யாணத்தன்று சந்தேகம் வரும் என்பார்கள். இவள் நமக்குச் சரிவருவாளா, குடும்பம் நடத்த முடியுமா என்று. நான் சேரிக்காரன். அவள் ஊர்த்தெருவுக்காரி. சிதம்பரத்தில் எம்.ஏ. தமிழ் ஒன்றாகப் படித்தோம். கடலூருக்குப் பதிவுக்குப் போன காலையில் எனக்கு இருந்த சந்தேகம் வேறு. யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? சாட்சிக்கு வந்தவன் எங்காவது வாய விட்டிருப்பானா? பின்னாடி வர்ற பைக்கு யாருது?

அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "ஏண்டா, முருகேசனும் படிச்ச புள்ளதானே?"

எங்கள் மாவட்டத்தில் அந்தப் பெயர் போதும். விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் தலித், கெமிக்கல் எஞ்சினியர். கண்ணகி வன்னியர். 2003 மே 5ஆம் தேதி கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8ஆம் தேதி இருவருக்கும் காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். பதிவேட்டில் கையெழுத்து விழுந்து 64 நாள்.

எம்.ஏ. வகுப்பில் சிலப்பதிகாரக் கண்ணகியை வரிவரியாகப் படித்தோம். நீதி கேட்க அவளாவது உயிரோடு இருந்தாள். எங்கள் மாவட்டத்துக் கண்ணகிக்கு அதுவும் இல்லை. கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021இல். பதினெட்டு வருஷம். தண்டிக்கப்பட்டவர்களில் பெத்த அப்பன், கூடப்பிறந்த அண்ணன், ரெண்டு போலீஸ்காரர்கள். அண்ணனின் தூக்கு 2022இல் உயர்நீதிமன்றத்தில் ஆயுளானது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் போகலாமே என்றார் ஒரு தோழர். அதில் 30 நாள் முன்னாடியே நோட்டீஸ் ஒட்டுவார்கள். உயிருக்குப் பயந்து வர்றவனைத் தேடுறவனுக்கு அதுவே துப்பு. ஆகவே 1967இல் அண்ணா ஆட்சி நிறைவேற்றிய சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி மாலை மாற்றிக்கொண்டு பதிவுக்குப் போனோம்.

படியேறும்போது அவளிடம் கேட்டேவிட்டேன்: "ஒன்ன நான் சாவுக்கு இழுத்துக்கிட்டுப் போறனா?"

"கண்ணகியயுந்தான கொன்னானுங்க? ஒனக்கு மட்டுமா உசுரு? நீ ஒன்னும் என்ன இழுத்துக்கிட்டுப் போவல. நானே நடந்துதான் வர்றேன்" என்றாள்.

தோழர்களே, பயந்தது மாப்பிள்ளையின் கோழைத்தனம் இல்லை. பொண்ணைச் சாதியின் சொத்தாக நினைக்கிற ஊர், அவளையும் விடாது. சட்டம் தாளைக் கொடுத்துவிட்டு அத்தோடு ஒதுங்கிக்கொள்கிறது. மாவட்டத் தலைநகர்தோறும் பாதுகாப்பு இல்லம் அமைப்பதை அரசுகள் பரிசீலிக்க வேண்டும் என்று 2018இல் உச்சநீதிமன்றமே சொன்னது. கையெழுத்துப் போட்டு இறங்குகிற ஜோடிக்கு அன்றைக்கு ராத்திரி தங்க இடமும், அங்கே கூட்டிப்போக ஆளும் வேண்டும். அரசு செய்யும்வரை அந்த ஆள் நாமாக இருப்போம்.