காதுமடல் குல்லாய்

ஆண்டு முழுவதும் வியர்வை வழியும் இந்நாட்டில் படைவீரர்களின் பனிக்காலக் குல்லாய்களைச் சேகரிப்பவனைக் கண்டால் எவரும் நகைக்கவே செய்வர். என் இல்லாள் நகைப்பதை நிறுத்திப் பல்லாண்டுகள் ஆயின. அலமாரியில் பாச்சை உருண்டையின் நெடி மிகும்போது மட்டும் பெருமூச்செறிவாள்.

என்னிடம் உள்ளவை ஏழு. கொரியப் போர்க் காலத்து அமெரிக்கக் குல்லாய்கள் இரண்டு நீங்கலாக, மற்றவை சோவியத்துப் படையினருடையவை.

உருசிய மொழியில் 'உஷி' என்றால் காதுகள். அதன்வழி வந்த பெயரே 'உஷான்கா'. 1939இல் பின்லாந்துடன் தொடங்கிய குளிர்காலப் போரில் செம்படையினர் பலர் அணிந்திருந்தது புத்யோனொவ்கா என்னும் கூர்முனைத் துணிக் குல்லாய். பார்வைக்குக் கம்பீரமானது, கடுங்குளிருக்கு ஆகவில்லை. 1940இல் உஷான்கா அதன் இடத்தைப் பெற்றது. மடல்களை உச்சியில் கட்டிவைக்கலாம். குளிர் மிகுந்தால் இறக்கி மோவாயின்கீழ் முடியலாம். இதிலும் உயர்வு தாழ்வு உண்டு. கர்னல்களுக்கும் தளபதிகளுக்கும் காராகுல் ஆட்டுத்தோல் குல்லாய். கடைநிலைச் சிப்பாய்க்குச் செயற்கை உரோமம். அதனை 'மீன் உரோமம்' என்று உருசியர் கேலி செய்வர். மீனுக்கு ஏது உரோமம்!

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தைக்கப்பட்டவை சந்தையில் மலிந்தன. ஆகவே சேகரிப்போர் முதலில் குல்லாயின் உட்புறத்தைத்தான் புரட்டிப் பார்ப்பர். அளவும் ஆண்டும் குறித்த மை முத்திரை அங்கிருக்கும்.

நானும் பார்த்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஞாயிற்றுச் சந்தையொன்றில் நாற்பது வெள்ளிக்கு வாங்கிய குல்லாயில் 1978 என்ற முத்திரை மங்கலாகத் தெரிந்தது. அதனருகே, கருநிற உள்துணியில் வெளிறிய கோணல் கோடுகள் சில. கறையென்று எண்ணினேன். மழைக்காலத்தில் பூசணமும் பூக்கவே, தையற்காரரிடம் கொடுத்து உள்துணியை மாற்றிவிட்டேன். பழையது குப்பைக்குப் போயிற்று.

ஈராண்டுகள் கழித்துக் கிடைத்த மற்றொரு குல்லாயிலும் அத்தகைய கோடுகள் இருந்தன. இம்முறை அவை தெளிவான எண்கள். தம் குல்லாய் களவு போகாதிருக்கச் சிப்பாய்கள் தீக்குச்சியைக் குளோரின் கரைசலில் தோய்த்துத் தம் படை அடையாள எண்ணை எழுதிவைப்பராம்.

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோரிடம், "காலணி, தொப்பி, நீர்ப்புட்டி யாவற்றிலும் பெயர் எழுதுங்கள்" என்று தவறாமல் சொல்பவன் நான். எழுத்தைக் கறையென்று வெட்டியெறிந்தவனும் நானே.

அண்மையில் ஒருவர் அக்குல்லாயை நூற்றைம்பது வெள்ளிக்குக் கேட்டார். உள்துணி புதியது என்றேன். "அதனால் என்ன, ஐயா?" என்றார். நான் கொடுக்கவில்லை.