ஓதிய பிள்ளைக்குப் புரிந்ததா?

இஸ்லாமிய மார்க்கக் கல்வியை நவீனமாக்க வேண்டும் என்று பேச்சு வந்தாலே கம்ப்யூட்டர், ப்ரொஜெக்டர், ஆங்கிலம் என்று பட்டியல் நீளும். தஞ்சைப் பக்கத்தில், வெளிநாட்டுச் சம்பாத்தியம் உள்ள ஊர்களில் இவற்றை வாங்கிப் போடுவது பெரிய காரியமில்லை. கட்டடமும் எழும்பிவிடும். அதற்குள்ளே நடக்கிற பாடம் என்ன என்ற கேள்விதான் அப்படியே நிற்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஐந்து வேளைக் கடமைத் தொழுகையில் ஒரு நாளைக்கு மொத்தம் 17 ரக்அத். ஒவ்வொன்றிலும் அல்ஃபாத்திஹா ஓதப்படுகிறது. பத்து வருடம் தவறாமல் தொழுதவருடைய தொழுகைகளில் அந்த ஏழு வசனங்கள் 62,000 தடவைக்கு மேல் வந்து போயிருக்கும். அவற்றுக்கு வரிவரியாக அர்த்தம் சொல் என்று கேட்டால், குர்ஆனை முழுதும் ஓதி முடித்து, 'தமாம்' என்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்த பிள்ளைகளிலும் பலர் விழிப்பார்கள்.

இதை வைத்து ஓதுவதை மட்டம் தட்டுவது நியாயமல்ல. அலிஃப், பே என்று தொடங்கி, எழுத்துக் கூட்டி, அம்ம ஜுஸ்வு முடித்து, பிறகு குர்ஆனுக்குப் போகும் காலை மதரஸா முறை லேசுப்பட்டதல்ல. ஸே, ஸீன், ஸ்வாத் என்று அரபியில் மூன்று தனி எழுத்துக்கள்; தமிழில் எழுதினால் மூன்றும் ஒரே 'ஸ'தான். அந்த வித்தியாசத்தை ஆறு வயதுப் பிள்ளையின் நாக்குக்குப் பழக்கிவிடுகிறார் ஒரு உஸ்தாது. அது பெரிய வேலை. குறை என்னவென்றால், பல இடங்களில் பாடம் அத்தோடு நின்றுவிடுகிறது.

இந்தக் குறையை யாரோ இன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள் என்றும் இல்லை. நூறு வருடத்துக்கு முன்பே கும்பகோணம் அருகே நாச்சியார்கோவிலிலிருந்து ஒருவர் இதைச் சத்தம் போட்டுச் சொன்னார். (குத்துவிளக்குக்குப் பேர்போன அதே நாச்சியார்கோவில்தான்.) பா. தாவூத் ஷா, 1885ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து அரசு உத்தியோகத்தில் இருந்தவர், ஒத்துழையாமை இயக்கம் நடந்த 1921ல் அதை உதறினார். அடுத்த வருடம் இங்கிலாந்து சென்று, வோக்கிங் பள்ளிவாசலில் நடந்துவந்த இஸ்லாமியப் பிரசாரப் பணியைப் பக்கத்திலிருந்து பார்த்தார். திரும்பி வந்து நடத்திய 'தாருல் இஸ்லாம்' இதழில் அவர் விடாமல் கேட்டவை இவை: குர்ஆனுக்குத் தமிழில் பொருள் வேண்டும், வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் கேட்பவருக்குப் புரிய வேண்டும், பெண்கள் படிக்க வேண்டும்.

ஆலிம்களில் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். வோக்கிங் தொடர்பைக் காட்டி அவரைக் காதியானி என்றும் சொன்னார்கள். அவர் பேனாவிலும் காரம் அதிகம். கேலியைக் கொஞ்சம் குறைத்திருந்தால் இன்னும் நாலு பேர் காது கொடுத்திருக்கலாம். எப்படியோ, மனிதர் சளைக்கவில்லை. 1969ல் அவர் இறப்பதற்குள் தமிழில் குர்ஆன் என்பது வீட்டில் இருக்கும் சாதாரணப் புத்தகமாகிவிட்டிருந்தது. அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முழுக் குர்ஆனையும் தமிழாக்கி மிகப் பரவலாகப் போய்ச் சேர்ந்தவர் ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி. 'பாகவி' என்பது வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவில் பட்டம் பெற்றவர்களுக்கு உரிய பெயர். வெளியிலிருந்து கேட்டபோது சண்டையாக இருந்தது, மதரஸாவில் படித்த ஆலிமின் கையாலேயே நடந்தது.

உண்மையில் மார்க்கத்தைத் தமிழில் சொல்வது தாவூத் ஷாவுக்கும் முந்தியது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதி, சட்ட நூலும் குர்ஆன் விளக்கமும் செய்தார்கள். தமிழ் எழுத்து தெரியாத பெண்கள்கூட அரபுத்தமிழ் வாசித்து விஷயம் தெரிந்துகொண்டார்கள். அந்த வழக்கம் தேய்ந்தபோது ஓசை மட்டும் தங்கிவிட்டது, பொருள் போய்விட்டது.

பொருளை மறுபடி கொண்டுவர ப்ரொஜெக்டர் தேவையில்லை. அட்டெண்டன்ஸ் நோட்டு போதும்! அல்ஃபாத்திஹாவின் சொற்களில் பாதி அந்தப் பெயர்ப் பட்டியலிலேயே இருக்கிறது. 'அல்ஹம்து' என்ற சொல்லின் வேர்தான் முஹம்மது, அஹமது, ஹமீது எல்லாவற்றுக்கும் வேர்: புகழ். ரஹ்மான், ரஹீம் அப்படியே பெயர்கள். 'நஅபுது' (வணங்குகிறோம்) என்பதும் அப்துல்லாவின் 'அப்து'வும் ஒரே குடும்பம். 'இஹ்தினா' (வழிகாட்டு) என்று ஓதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஹிதாயத்துல்லா தன் பெயரைக் கண்டுபிடித்துவிடுவான். வாசலுக்கு வெளியே வந்தாலும் அரபிச் சொல்தான். டெல்டா விவசாயி எந்த மதமானாலும் 'மகசூல்' என்கிறார், கடைக்காரர் 'பாக்கி' என்கிறார். வேலூர் மதரஸாவின் பெயரில் இருப்பதும் அதே பாக்கிதான்; நிலைத்து மிஞ்சும் நற்செயல்கள் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு இரண்டு சொல் என்று போனால்கூட, ஓதுவதைக் குறைக்காமலே ஒரு வருடத்தில் பிள்ளைக்குத் தொழுகையில் ஓதுவது புரிந்துவிடும்.

ஆனால் நேரம்? அதுதான் இப்போதைய பெரிய சிக்கல். சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு காலையில் ஓதிவிட்டுப் பள்ளிக்கூடம் போவது பழைய ஏற்பாடு. உள்ளூர்ப் பள்ளிக்கு ஒன்பது மணிக்கு நடந்து போனவரை அது சரியாக இருந்தது. தனியார் பள்ளி வேன் ஏழரைக்கே தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தால் ஓதுவதற்கு எங்கே இடம்? மாலைக்கு மாற்றினால் டியூஷன். மிஞ்சுவது கோடை விடுமுறையில் நடக்கும் தீனியாத் வகுப்பு. ஆற்றில் தண்ணீர் இல்லாத ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் கலைந்துவிடுவார்கள். அடுத்த கோடையில் மறுபடி அலிஃப், பே.

இங்கேதான் பாடத்திட்டம் உதவும். கேரளத்தில் 1951ல் சமஸ்தா அமைப்பு மதக் கல்விக்கென்றே ஒரு போர்டு ஏற்படுத்தி, வகுப்புவாரியாகப் புத்தகம், மேற்பார்வை, 5, 7, 10ஆம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று கட்டமைத்தது. ஒரு பிள்ளை ஊர் மாறினாலும் விட்ட பாடத்திலிருந்து தொடரலாம். தமிழ் பேசும் இலங்கையில் நளீம் ஹாஜியார் 1973ல் பேருவளையில் தொடங்கிய ஜாமிஆ நளீமிய்யா, மார்க்கப் படிப்போடு அரசுப் பொதுத் தேர்வையும் எழுத வைக்கிறது. தமிழ்நாட்டில் உமராபாத் தாருஸ்ஸலாம் 1924லேயே இரண்டு கல்வியையும் சேர்க்கும் நோக்கத்தோடு வந்ததுதான். ஆனால் இவை ஆலிமாகப் போகிற சிலருக்கானவை. தெருவில் ஓதும் நூறு பிள்ளைகளுக்கு வழி சொன்னது கேரளத்து ஏற்பாடு.

எல்லாம் கடைசியில் அந்த ஒரு உஸ்தாதிடம் வந்து நிற்கிறது. பெரும்பாலும் அவரே இமாம், அவரே ஐந்து வேளையும் தொழ வைக்க வேண்டும். ஒரே பாயில் ஐந்து வயதும் பதிமூன்று வயதும். எப்படிக் கற்பிப்பது என்று அவருக்குத் தனிப் பயிற்சி கிடைப்பது அபூர்வம். சம்பளம் ஜமாஅத் சந்தாவிலிருந்து. 2009ல் தமிழக அரசு உலமாக்களுக்கும் பணியாளர்களுக்கும் நல வாரியம் அமைத்தது நல்ல காரியம்தான். ஆனாலும் நல உதவி வேறு, மாதச் சம்பளம் வேறு. தன் மகனை ஆலிமுக்கு ஓத அனுப்ப உஸ்தாதே யோசிக்கிறார் என்றால் காரணம் கேட்க வேண்டியதில்லை.

பெண்கள் மதரஸாக்களில் ஆலிமா பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருப்பவர்கள் டெல்டா ஊர்களில் எத்தனையோ பேர். மூன்று தெருவுக்கு ஒரு ஆலிமா, மஃரிபுக்கு முன்னால் ஒரு மணி நேரம், அதற்கு ஒரு கௌரவமான சம்பளம். டைல்ஸ் போடுகிற செலவில் ஒரு வருடத்துக்கு இதை நடத்திப் பார்க்கலாம்.