பரணில் இருந்த அம்மாவின் குரல்

பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தோம். ஒன்பதாவது மாதம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி என்று பிரசவ லேகியத்துக்கு வேண்டியதெல்லாம் வாங்கி வைத்தாகிவிட்டது. அளவுதான் தெரியவில்லை! என் அம்மாவுக்கு எல்லாமே கைக்கணக்கு. எழுதி வைக்கிற வழக்கமே கிடையாது. 2009-ல் என் தங்கையின் பிரசவத்துக்கு அம்மா லேகியம் கிளறியபோது, ஹாலிலிருந்த கம்ப்யூட்டரின் மைக்கை வயர் எட்டுகிற மட்டும் சமையலறைப் பக்கம் இழுத்து வைத்து, அவளைப் பேச வைத்துப் பதிவு செய்திருந்தேன். இரண்டே வருஷத்தில் அம்மா போய்விட்டாள். அவள் குரல் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

2006-ல் வாங்கிய அந்தக் கம்ப்யூட்டர், பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு பரணில் கிடந்தது. இறக்கித் துடைத்து ஸ்விட்சைப் போட்டோம். உள்ளே இருக்கும் பட்டன் பாட்டரி செத்துப்போய், தேதியெல்லாம் மறந்திருந்தது. அது போகட்டும். எப்படியோ விண்டோஸ் எக்ஸ்பி வந்துவிட்டது. ஆனால் ‘மை கம்ப்யூட்டர்’ உள்ளே போனால் ‘சி’ டிரைவ் மட்டும் நிற்கிறது. அம்மா இருந்த ‘டி’ டிரைவைக் காணோம்! எனக்குக் கை கால் ஓடவில்லை.

இவர் தெருமுனைக் கடையிலிருந்து ஒரு பையனை அழைத்து வந்தார். அவன் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்ற இடத்தைத் திறந்து காட்டினான். ‘சி’க்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை. ‘ஒதுக்கப்படாத இடம்’ என்று அர்த்தமாம்.

“பழசு போயிடுச்சு மேடம். புதுசா பார்ட்டிஷன் போட்டு ஃபார்மட் பண்ணிடறேன். அஞ்சே நிமிஷம்.”

நான் தலையாட்ட இருந்தேன். நல்லவேளை, பெங்களூரிலிருந்து என் அக்கா பெண் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னதும், “சித்தி, எதையும் தொடாதீங்க! முதல்ல ஆஃப் பண்ணுங்க” என்று ஒரே கத்தல். அந்த ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டு வந்துவிட்டாள்.

அவள் சொன்னது எனக்குச் சமையலறைக் கணக்கில்தான் புரிந்தது. அலமாரியில் வரிசையாக டப்பாக்கள். எது துவரம்பருப்பு, எது ரவை என்று அலமாரிக் கதவில் ஒரு சீட்டு. சீட்டு கிழிந்துவிட்டால் பருப்பு எங்கே போகும்? டப்பாவில்தானே இருக்கும்! அந்த மாதிரி ஹார்ட் டிஸ்கின் முதல் கட்டத்தில், 512 பைட் இடத்துக்குள் வெறும் 64 பைட்டில்தான் எந்தப் பிரிவு எங்கே ஆரம்பித்து எவ்வளவு நீளம் என்ற சீட்டு இருக்கிறதாம். அந்தச் சீட்டு கெட்டால் கம்ப்யூட்டருக்குக் கண் தெரியாது, அவ்வளவுதான். ஃபார்மட் செய்து மேலே புதிதாக எழுத ஆரம்பித்தால்தான் ஆபத்து. யாரோ டப்பாவைத் திறந்து பருப்பின் மேல் சர்க்கரையைக் கொட்டுகிற மாதிரி.

“சீட்டு எப்படிடி கிழிஞ்சுது?” என்றேன்.

இவர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். 2012-ல் ஒரு சி.டி.யைப் போட்டு டிரைவ் அளவுகளை மாற்றிப் பார்த்தாராம். பாதியில் கரண்ட் போய்விட்டதாம். அந்த வருஷத்து மின்வெட்டுதான் நமக்கு மறக்காதே! அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ‘ரிப்பேர்’ என்று சொல்லிப் பரணில் ஏற்றியவரும் இவரேதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரண்டாவது காபி மட்டும் கிடைக்கவில்லை.

அக்கா பெண் டிஸ்கைக் கழற்றி, பட்டை வயர் செருகும் ஓர் அடாப்டரில் மாட்டித் தன் லாப்டாப்போடு சேர்த்தாள். இந்தப் பெரிய டிஸ்குக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டுமாம். அடாப்டரோடு அதற்கும் ஒரு பிளக் வருகிறது. சுழல ஆரம்பித்ததும் காதை வைத்துக் கேட்டாள். ‘டக் டக்’ என்று இடித்தால் உடனே நிறுத்திவிட்டு, இதற்கென்றே இருக்கிற இடத்துக்குத்தான் எடுத்துப் போகவேண்டுமாம். எங்களுடையது நல்லபடியாக ‘உய்ங்’ என்றது.

முதல் வேலை, முழு டிஸ்கையும் ஓர் எழுத்து விடாமல் வேறொரு பெரிய டிஸ்கில் நகல் எடுத்தாள். 80 ஜி.பி.தான், அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. (80 என்று வாங்கியது கம்ப்யூட்டரில் 74 சொச்சம்தான் காட்டுகிறதென்று அந்தக் காலத்தில் கடைக்காரரோடு சண்டை போட்டிருக்கிறேன். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024 வீதம் எண்ணுகிறது, விஷயம் அவ்வளவே. பாவம் அந்த மனுஷர்!)

பிறகு நகலை மட்டும் வைத்துக்கொண்டு ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற நிரலை ஓட்டினாள். பிரான்ஸ் நாட்டுக்காரர் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது, இலவசம். படம், பொம்மை எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துதான். எந்த டிஸ்க் என்று கேட்டது. ‘அனலைஸ்’ கொடுத்தாள். தேடித் தேடி, காணாமல் போன பிரிவு இங்கே ஆரம்பித்து இங்கே முடிகிறது என்று ஒரு வரி காட்டியது. அதன் மேல் ‘பி’ எழுத்தைத் தட்டினாள். சரசரவென்று பெயர்கள்! பெண்ணின் பள்ளிக்கூடப் படங்கள், இவருடைய வருமான வரிக் கணக்கு, நடுவில் ‘அம்மா லேகியம்’. அதை ‘சி’ எழுத்தைத் தட்டி வேறிடத்துக்கு நகல் எடுத்துக்கொண்டாள். பழைய டிஸ்கில் கடைசிவரை ஒன்றும் எழுதவே இல்லை. “கெட்டதைச் சரி பண்ணணும்னு அவசரம் இல்லை சித்தி. நமக்கு உள்ளே இருக்கிறது வந்தாப் போதும்” என்றாள்.

இப்போது அது என் போனில், பெண்ணின் போனில், தங்கை வீட்டில், இரும்புப் பெட்டியில் ஒரு பென் டிரைவில் என்று நாலு இடத்தில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். வாணலியில் கரண்டி உரசும் சத்தம்தான் முதலில். அப்புறம் அம்மா. சுக்கை நான் இத்தனை நாள் நினைத்திருந்ததில் பாதிதான் சொல்கிறாள். (லேகியத்தை டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தேன்.) ஏழு நிமிஷம் பேசுகிறாள். நடுவில் குக்கர் விசில் வேறு. பெண் வயிற்றின் மேல் கையை வைத்தபடி அசையாமல் கேட்டாள். கடைசியில், “போதும்டி, அந்தப் பெட்டியை நிறுத்து. எவ்வளவு கரண்டு இழுக்குமோ என்னவோ” என்று பாட்டி அதட்டியதும், அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.