பழைய எம்டிபியிலிருந்து மின்சைக்கிள்: திருப்பதி, சித்தூர் பட்டறைகளின் வேலைமுறை

எம்டிபி எனப்படும் பழைய மலைச்சைக்கிளை நகரத்துக்கு ஏற்ற மின்சைக்கிளாக மாற்றும் வேலையில் பெரும்பங்கு ஓவராயில், அதாவது முழுதாகப் பிரித்துச் சீர்செய்து பூட்டுவதுதான். சக்கரத்துக்குக் கம்பி கோப்பது, கோட்டம் எடுப்பது, அச்சை அசையாமல் நிறுத்துவது, பிரேக்கைப் பிடிக்க வைப்பது எல்லாம் சைக்கிள் கடையின் பழைய கைவேலை. மோட்டாரும் பேட்டரியும் அதன்மேல் வந்து சேர்பவை. திருப்பதி, சித்தூர் போன்ற ஊர்களில் இது ஒரே இடத்தில் முடிவதில்லை. சைக்கிள் கடை, வெல்டிங் பட்டறை, பேட்டரி கட்டுபவர் என மூன்று கைகளுக்கு வேலை பிரிகிறது. ரிம்மும் கம்பியும் பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வருபவை. மின்னணுச் சாமான்களுக்குச் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது.

பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டாரை வைக்கும் யோசனை பழையது. அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் 1895 டிசம்பரில் இதற்குக் காப்புரிமை பெற்றார். மிதிக்கும்போது மட்டும் மோட்டார் துணைசெய்யும் முறையை 1993இல் யமஹா நிறுவனம் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வலுவான சிறு காந்தங்களும் லித்தியம் பேட்டரியும் வந்த பிறகே இந்த ஏற்பாடு ஊர்க்கடைக்கு எட்டும் விலைக்கு இறங்கியது.

சட்டம் வைத்த எல்லை

மாற்றிய வண்டி சட்டத்தின் கண்ணில் சைக்கிளா, மோட்டார் வாகனமா என்பதை மத்திய மோட்டார் வாகன விதிகள் தீர்மானிக்கின்றன. மோட்டாரின் அரைமணி நேரத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கி.மீ.யை நெருங்க நெருங்க மோட்டாரின் உதவி குறைந்து நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நிற்க வேண்டும். இந்த எல்லைக்குள் இருக்கும் வண்டிக்குப் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். எல்லையைத் தாண்டினால் அது பதிவில்லாத மோட்டார் வாகனம். 26 அங்குலச் சக்கரம் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று சுற்றும். அதனால் மோட்டாரை வாட் கணக்கோடு சுற்றுக் கணக்கையும் பார்த்தே வாங்க வேண்டும். 20 அங்குலச் சக்கரத்துக்கென்று செய்த மோட்டார் 26 அங்குலத்தில் ஏறினால் எல்லையைத் தாண்டி ஓடும்.

வண்டியைச் சோதித்தல்

முதல் சோதனை வண்டியின் சட்டத்துக்கு (ஃபிரேம்). கிராங்க் அச்சு உட்காரும் பாட்டம் பகுதியிலும் பின்அச்சு உட்காரும் வாயிலும் பெயிண்டைச் சுரண்டி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இரும்புச் சட்டம் மாற்றத்துக்கு இணக்கமானது. பல ஹப் மோட்டார்களுக்குப் பின்புறம் 135 மி.மீ. அகலம் தேவை. பழைய ஒற்றைவேக எம்டிபிகளில் இந்த இடைவெளி குறைவு. இரும்பு என்றால் சிறிது விரித்துக்கொள்ளலாம்; அலுமினியத்தை விரித்தால் வெடிக்கும்.

முன்சக்கரத்தில் மோட்டார் வைப்பது எளிது. ஆனால் சஸ்பென்ஷன் போர்க்கின் வாய் பெரும்பாலும் வார்ப்பு உலோகம். அச்சின் முறுக்கில் அது உடையக்கூடும். அதனால் எம்டிபிக்குப் பின்சக்கரமே வழக்கம். மண்பாதைக்கான முள்டயரைக் கழற்றி வழுவழுப்பான டயர் போடுவதும், மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு சேர்ப்பதும் இதே கட்டத்தில் நடக்கும். முள்டயரின் உருள்தடையே பேட்டரியில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

கம்பி கோத்தல்

வேலையில் நுட்பமானது சக்கரம். சாதாரண ஹப் கையளவுகூட இல்லாதது. 26 அங்குல ரிம்முக்கு அதிலிருந்து 260 மி.மீ. அளவில் போக்ஸ் கம்பி போகும். உள்ளே பல்சக்கரம் கொண்ட சிறு ஹப் மோட்டாருக்கே கம்பி 210 மி.மீ. அருகில் குறைந்துவிடுகிறது. கடையில் அந்த அளவு கிடைக்காவிட்டால் நீளக் கம்பியை வெட்டி, கைக்கருவியால் மரை போட வேண்டும். வழக்கமான சைக்கிளில் ஒரு கம்பி மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும். மோட்டார் சக்கரத்தில் ஒன்றைக் கடந்தால் போதும். அதற்கு மேல் கடக்கவிட்டால் கம்பி ரிம்மில் சாய்வாக நுழைந்து நிப்பிளின் கழுத்தில் ஒடியும்.

36 கம்பியும் கோத்தபின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ரிம்முக்கு அருகே சுண்ணாம்புக்கட்டியை நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிடுகிறார் மெக்கானிக். கோட்டம் உள்ள இடத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது. அந்த இடத்தில் ஒரு பக்க நிப்பிளைக் கால் திருகு இறுக்கி, எதிர்ப்பக்கத்தைக் கால் திருகு தளர்த்துகிறார். பிறகு ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டிப் பார்க்கிறார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலித்தால் இழுவிசை சமம். மந்தமாக ஒலிக்கும் கம்பி தளர்ந்தது. மோட்டாரின் உந்துதல் கம்பிகள் வழியாகவே ரிம்முக்குப் போகிறது. ஒரு கம்பி தளர்ந்தால் பக்கத்துக் கம்பி சுமையை ஏற்று முதலில் ஒடியும். முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு கோட்டத்தை மறுபடி பார்ப்பது இதனால்தான்.

அச்சின் முறுக்கு

சாதாரண சைக்கிளில் அச்சு சும்மா நிற்கும். ஹப் மோட்டாரில் சக்கரம் முன்னோக்கித் தள்ளப்படும்போது அச்சு பின்னோக்கிச் சுழலப் பார்க்கும். அதைத் தடுப்பது அச்சின் இருபுறமும் தட்டையாகச் சீவப்பட்ட 10 மி.மீ. பகுதியும் அது பொருந்தும் சட்டத்தின் வாயும். மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுத்தால் அந்தத் தட்டைப் பரப்புகளில் ஏறும் விசை இரு முனையும் சேர்த்து 4000 நியூட்டன், அதாவது 400 கிலோ எடைக்கு நிகர். நட்டு மட்டும் இதைத் தாங்காது. அச்சு ஒருமுறை சுழன்றால் அதன் துளை வழியே வரும் மின்கம்பிகள் முறுக்கி அறுந்துவிடும்; சக்கரமும் கழன்று வரலாம். இதற்காக டார்க் ஆர்ம் எனப்படும் எஃகுப் பட்டையில் அச்சின் வடிவத்துக்கே துளை போட்டு, மறுமுனையைச் சட்டத்தோடு இணைக்கிறார்கள். வெல்டிங் பட்டறைக்கு வேலை போவது இதற்கும் பேட்டரிப் பெட்டிக்கும்தான். துளை அரை மி.மீ. பெரிதானாலும் பட்டை வைத்ததன் பயன் போய்விடும். அதனால் கடைசி அளவை அரத்தால் தேய்த்தே எடுக்கிறார்கள்.

பேட்டரி கட்டுதல்

முன்பு மூன்று 12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரிகளைக் கேரியரில் அடுக்கினார்கள். எடை மட்டும் 12 கிலோ. இப்போது 18650 வகை லித்தியம் செல்கள் 40 போதும். 10 வரிசைத் தொடரில், வரிசைக்கு 4 செல்லாக இணைத்தால் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி கிடைக்கும். பெட்டியோடு எடை மூன்று கிலோவைத் தாண்டாது. முதலில் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் உள்தடையையும் அளந்து, ஒத்தவற்றைப் பிரிக்கிறார்கள். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கால் ஒட்டுகிறார்கள். சாலிடரிங் இரும்பின் நீடித்த சூடு செல்லின் உள்ளே சேதம் செய்யும். ஸ்பாட் வெல்டிங்கின் சூடு நொடிக்குள் முடிந்துவிடும். கடைசியில் பிஎம்எஸ் எனப்படும் பேட்டரி மேலாண்மைப் பலகை. எந்த வரிசையும் 4.2 வோல்ட்டைத் தாண்டாமலும் மிகத் தாழாமலும் அது காவல் காக்கும். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த செல்களைப் புதியவற்றோடு கலந்து கட்டுவது விலையைக் குறைக்கும். தீ விபத்துக்கும் வழிவகுக்கும்.

இந்த வட்டாரத்துக்குப் பேட்டரித் தொழில் புதிதல்ல. 1985இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனம் திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலிருந்து வளர்ந்தது. 2000இல் அமரான் என்ற பெயரில் ஈய-அமிலப் பேட்டரிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் 165 கோடி ரூபாய் முதலீட்டில் திருப்பதியில் அமைத்த லித்தியம் செல் ஆலை 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது அதன் திறன் நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணி செல்கள் 20,000. சத்தியவேடு பக்கத்திலுள்ள ஹீரோ மோட்டோகார்ப் ஆலையில் விடா மின்ஸ்கூட்டர் தயாராகிறது. ஆலைகளில் வரிசையாக ஓடும் அதே தொழில்நுட்பம் சைக்கிள் கடையில் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகக் கையால் பொருத்தப்படுகிறது. மின்ஸ்கூட்டர் தீ விபத்துகளுக்குப் பிறகு 2022 டிசம்பரிலிருந்து கடுமையாக்கப்பட்ட பேட்டரித் தரவிதிகள் மோட்டார் வாகனங்களுக்கு உரியவை. கடையில் கட்டும் சைக்கிள் பேட்டரிக்குக் கட்டுபவரின் நிதானமே பாதுகாப்பு.

இணைப்பும் பிரேக்கும்

மோட்டாரிலிருந்து தடித்த மூன்று கம்பிகளும் மெல்லிய ஐந்து கம்பிகளும் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்கு வரும். தடித்தவை மின்னோட்டத்துக்கு. மெல்லியவை மோட்டாரின் சுழலும் பகுதி எந்த நிலையில் இருக்கிறது என்று ஹால் சென்சார்கள் சொல்லும் செய்திக்கு. மிதிப்பதை அறிய, கிராங்கைக் கழற்றிப் பாட்டத்தின் அச்சில் காந்த வளையம் ஒன்றைப் பொருத்துகிறார்கள். கன்ட்ரோலருக்குப் போகும் ஒவ்வொரு கம்பியையும் முதலில் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலேற்றிச் செருகுவார்கள். வடகிழக்குப் பருவமழையில் கம்பியோடு வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், இணைப்புக்குள் ஏறாது.

மிதித்து 12 கி.மீ. வேகத்தில் போன வண்டி 25 கி.மீ.க்கு வந்தால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்குக்கு மேல் உயரும். தேய்ந்த பிரேக் கட்டையும் துருவேறிய கேபிளும் அதற்கு ஈடுகொடுக்காது. இரண்டையும் மாற்றியாக வேண்டும். பிரேக் பிடித்த உடனே மோட்டார் மின்சாரத்தை வெட்டும் பிடிகள் இரு பக்கமும் இருக்க வேண்டும்.

ஏற்றமும் வெயிலும்

மேலே சொன்ன 36 வோல்ட் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு 360 வாட்-மணி. சமதளத்தில் மிதித்துக்கொண்டே போனால் கி.மீ.க்கு 10 முதல் 12 வாட்-மணி செலவாகும், 30 கி.மீ. ஓடும். திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா சுமார் 10 கி.மீ.; போய்வரத் தாராளம். சித்தூருக்கு 70 கி.மீ.; அது நகரச் சைக்கிளின் வேலையல்ல. முழுக்க சார்ஜ் ஏற்ற அரை யூனிட்டுக்குக் குறைவான மின்சாரமே ஆகும்; 2 ஆம்பியர் சார்ஜரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும்.

ஏற்றத்தில் கணக்கு மாறுகிறது. ஆளும் வண்டியும் 100 கிலோ என்றால், 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் பாதையில் 12 கி.மீ. வேகத்துக்கே 290 வாட் தேவை. ஹப் மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது செயல்திறன் குறைந்து சூடேறும். உள்ளிருக்கும் நைலான் பல்சக்கரம் இளகித் தேயும். சித்தூரின் மேடுபள்ளத் தெருக்களில் கால் உதவி இருந்தால் சமாளிக்கலாம். நீண்ட மலைப்பாதைக்குக் கிராங்கிலேயே பொருத்தும் மோட்டார்தான் பொருந்தும். அது சைக்கிளின் கியர்களைப் பயன்படுத்திக்கொள்கிறது.

கோடையில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் நின்ற வண்டியின் பேட்டரியை நிழலில் ஆறவிட்டபின்தான் சார்ஜ் போட வேண்டும்.

பராமரிப்பு

மாதமொருமுறை அச்சு நட்டு, டார்க் ஆர்ம் திருகு, கம்பிகளின் இறுக்கம், பிரேக் கட்டை ஆகியவற்றைப் பார்த்தால் போதும். மழைக்கு முன் இணைப்புகளைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சர் ஒட்டும்போது, சக்கரத்தைக் கழற்றாமல் டியூபை ஒரு பக்கமாக வெளியே இழுத்து ஒட்டும் பழைய வழக்கம் இங்கே மிகவும் பயன்படுகிறது. மோட்டார் கம்பியைப் பிரிக்கும் தொல்லை இல்லை. ஆயுள் முடிந்த பேட்டரியைக் காயலான் கடையில் போடக் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது முறையான சேகரிப்புக்கோ மறுசுழற்சிக்கோ போக வேண்டும். புதுப் பேட்டரி வாங்கும்வரை வண்டியை மிதித்தே ஓட்டலாம்.