முல்கியா

"ஏய்யா, வெளிநாட்டுல இருந்துகிட்டு பழைய காரையா வாங்குதே?" என்று அம்மா போனில் கேட்டாள். திசையன்விளையில் எங்கள் தெருவுக்குள் கார் வந்தால் ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. அதுவும் வாடகை அம்பாசடர். மகன் துபாயில் இருந்தும் அடுத்தவர் ஓட்டிக் கழித்த வண்டியை வாங்குகிறான் என்பது அவளுக்கு மனக்குறை. அன்றைக்கு என்னால் அவளுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

வாடகை கட்டுப்படியாகும் என்று சார்ஜாவில் குடியிருந்து, துபாயில் வேலை பார்க்கிறவர்களில் நானும் ஒருவன். துபாய் மெட்ரோ 2009 செப்டம்பர் 9-ல் ஓடத் தொடங்கியது, சார்ஜாவுக்குள் வரவில்லை. சார்ஜாவின் ஜுபைல் பஸ் நிலையத்தில் வரிசை, தவறினால் யாராவது ஒருவரின் கார் லிப்ட். ஆறு வருடம் அப்படிப் போனேன். மகள் விழிக்குமுன் கிளம்பி, அவள் தூங்கிய பிறகு வீடு சேர்ந்த ஆறு வருடம்.

ஊரில் எடுத்த லைசென்ஸ் இங்கே செல்லாது. மறுபடி வகுப்பு, மறுபடி தேர்வு. மூன்றாம் முறைதான் தேறினேன். அந்த அவசரத்தில் வாங்கிய முதல் வண்டி என்னை ஏமாற்றியது. மீட்டர் எண்பதாயிரம் கிலோமீட்டர் என்றது. நாலே மாதத்தில் கியர்பாக்ஸ் போயிற்று. தங்கை கல்யாணத்துக்கு அனுப்பவேண்டிய பணம் அதோடு போனது. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

பிறகு நாகர்கோவில்காரரான ஒரு மெக்கானிக் அண்ணாச்சிதான் வண்டி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். "மீட்டரப் பாக்காதீங்க, பிரேக் பெடல் ரப்பரப் பாருங்க" என்றார். எண்பதாயிரம் ஓடிய வண்டியில் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். டிரைவர் சீட்டின் இடது ஓரமும் அப்படித்தான், ஏறி இறங்கி நைந்திருக்கும். டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இந்த வெயிலில் ரப்பருக்கு ஆயுசு கம்மி. ஐந்து வருடம் தாண்டிய டயரை இங்கே ஏற்கமாட்டார்கள்.

அவர் சொல்லி 2015-ல் வாங்கியதுதான் 2008-ம் வருட வெள்ளை கொரோல்லா. 1966-லிருந்து வருகிற பெயர் என்பதால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. 2015 ஆகஸ்டில் இங்கே பெட்ரோல் விலையை உலகச் சந்தையோடு இணைத்தார்கள். மாதாமாதம் விலை மாறத் தொடங்கியதும் சின்ன இன்ஜினின் அருமை தெரிந்தது. துபாயின் சாலிக் சுங்க வாயிலைக் கடந்தால் ஒவ்வொரு தடவையும் 4 திர்ஹாமாக இருந்தது, 2025 முதல் நெரிசல் நேரத்தில் 6. அதனால் வாயில் இல்லாத 311-ம் சாலையில்தான் போய்வருகிறேன். நெரிசல் அங்கேயும் உண்டு. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கிறேன். மகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அம்மாவுக்குச் சொல்லவேண்டிய பதில் இதுதான்.

ஊரில் அப்பா முருங்கைக்காய் மூட்டைகளை டிவிஎஸ் 50-ல் கட்டி விடியுமுன் சந்தைக்குக் கொண்டுபோவார். கிளம்புமுன் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார், டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். தேரி மணலில் வண்டி நின்றுவிட்டால் காய் வாடும், விலை இறங்கும். அந்தக் கட்டைவிரல் எனக்கும் வந்திருக்கிறது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில்; கோடை தொடங்குமுன் பேட்டரி, கூலன்ட்.

அடுத்த மாதம் முல்கியாவை, அதாவது வண்டிப் பதிவை, சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பதினேழு வயது வண்டியை அதிகாரி அடியில் இறங்கிப் பார்க்கிற அந்தப் பத்து நிமிடம், மகளின் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போலத்தான் இருக்கும். நேற்று ராத்திரி கீழே பார்க்கிங்கில் அவளே டார்ச் பிடித்தாள். பின் டயருக்குப் பக்கத்தில் குந்தி, விரலால் தூசியைத் துடைத்து வாசித்தாள்.

"3220, அப்பா."

2020-ன் முப்பத்திரண்டாவது வாரம். சம்பளம் வந்ததும் மாற்றிவிட வேண்டும்.