மங்கையர் காணும் தூரதேசக் கனவு

ஒரு பெண்ணின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அவளது படிப்பைப் பற்றியோ, அவள் சமைக்கும் கறியின் சுவையைப் பற்றியோ வினவிப் பயனில்லை. "உலகத்தில் எந்த இடத்தைக் காண உனக்கு ஆசை?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெரியோர் முன்னிலையில் வாய் திறவாத பெண்ணும் இக்கேள்விக்கு விடை சொல்லுமிடத்துக் கண் மலர்ந்து பேசுவாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தவள் என்ற உரிமையில் இதனைக் கூறுகின்றேன்.

ஓய்வுபெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், உயர்தர வகுப்பு மாணவியரிடம் ஆளுக்கொரு கடதாசித் துண்டைக் கொடுத்து, தாம் காண விரும்பும் ஓர் இடத்தையும் அதற்குரிய காரணத்தையும் பெயர் குறிப்பிடாமல் எழுதித் தருமாறு கேட்டேன். முப்பத்தொரு துண்டுகள் மேசைக்கு வந்தன. அவற்றுள் பதினொன்று தென்கொரியாவின் சியோல் நகரைக் குறித்தன. இது கொரிய நாடகங்கள் செய்த வேலை என்பதை வீட்டில் அப்பருவத்துப் பெண்களை வைத்திருக்கும் தாய்மாருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் காலத்துப் பெண்கள் தமிழ்ப் படங்களிற் கண்ட காஷ்மீரத்தை எண்ணி ஏங்கியதும் இவ்வகையானதே. ஆதலால் நான் நகைக்கவில்லை. ஐவர் பாரிஸ் நகரை விரும்பினர். சுவிற்சர்லாந்தை எழுதிய ஒருத்தி, "அங்கே சித்தப்பா இருக்கிறார்" என்பதைக் காரணமாகக் காட்டியிருந்தாள். மக்காவை எழுதியவள் ஒருத்தி. நுவரெலியாவில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு தேநீர் அருந்த வேண்டும் என்றவள் இன்னொருத்தி. மற்றொரு துண்டில், "எங்காவது போதும், ஆனால் தம்பியைத் துணைக்கு அனுப்பக் கூடாது" என்றிருந்தது.

கடைசியாக எடுத்த துண்டில் இருந்தது இது: "குவைத். அம்மா வேலை செய்யும் வீட்டை வெளியில் நின்றாவது பார்க்க வேண்டும்."

அந்தத் துண்டை மட்டும் நான் வகுப்பில் வாசிக்கவில்லை. எழுத்தைக் கொண்டு ஆள் இன்னாரென அறிந்தேன், அறிந்ததாகக் காட்டிக்கொள்ளவுமில்லை.

எமது சமூகம் பெண்களைப் பிரயாணஞ் செய்யவிடாத சமூகம் என்று சிலர் எழுதுகின்றனர். அது முழு உண்மையன்று. கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இலங்கைப் பெண்கள் குவைத்துக்கும் சவூதி அரேபியாவுக்கும் வீட்டு வேலைக்காக ஆயிரக்கணக்கிற் சென்றுகொண்டிருக்கின்றனர். 1983ஆம் ஆண்டின் பின்னர் கனடாவுக்கும் பிரான்சுக்கும் மணப்பெண்களாகச் சென்ற நம் யுவதிகளோ எண்ணிறந்தோர். நேர்த்திக்கடனுக்காகக் கதிர்காமஞ் செல்லலாம். பரீட்சை எழுதக் கொழும்புக்கு வரலாம். பிள்ளைப்பேறு பார்க்க லண்டனுக்கும் போகலாம். உழைக்கவும், மணக்கவும், பிறரைப் பராமரிக்கவும் பெண்ணுக்கு உலகம் முழுவதும் வழி திறந்தே இருக்கின்றது. "பார்க்க வேண்டும்போல் இருக்கின்றது, அதனாற் போகின்றேன்" என்று அவள் சொல்லும்போதுதான் வீட்டின் படலை மூடிக்கொள்கிறது.

என் தம்பியின் மகளை எடுத்துக்கொள்வோம். அவளுக்கு வயது இருபத்து நான்கு. வெள்ளவத்தையில் வாசம், கணக்காய்வு அலுவலகமொன்றில் உத்தியோகம். ரொறன்ரோவிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கின்றது. மாப்பிள்ளையைக் கைத்தொலைபேசியின் திரையில் நான்கு முறை பார்த்திருக்கின்றாள். நல்ல பிள்ளையாகத்தான் தெரிகின்றார். விவாகம் நிச்சயமானால், விசா வந்தவுடன் பத்தாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள அந்நகருக்கு அவள் தனியே விமானமேற வேண்டும். அதற்குத் தம்பி சம்மதம். ஆனால் சென்ற மாதம் அவள், "அப்பா, அதற்கு முன்னர் ஒரேயொரு முறை மாத்தறைக்குத் தனியாகப் போய்வரப் போகின்றேன்" என்றபோது, தம்பி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு சொல்தான் கேட்டான்:

"ஆரோடை?"

கொழும்பிலிருந்து மாத்தறை சுமார் 160 கிலோமீற்றர். காலையிற் போய் மாலையில் திரும்பலாம். மருமகள் என்னிடம் வந்து, "மாமி, கனடாவுக்கு என்னைப் பொதிபோலத்தானே அனுப்பப் போகிறார்கள்? அதற்கு முன் நானாக ஓரிடத்துக்குப் போய் நானாக வரக்கூடியவளா என்று எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள். நான் அவளது கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

அவளுக்கு அன்று ஒரு பழைய கதையைச் சொன்னேன். 1889ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி, நெல்லி பிளை என்னும் பெயரில் எழுதிவந்த இருபத்தைந்து வயதுப் பத்திரிகையாளர் ஒருத்தி, நியூயோர்க்குக்கு அயலிலுள்ள துறைமுகத்திற் கப்பலேறினாள். ஜூல்ஸ் வேர்ண் தமது நாவலில் எண்பது நாட்களில் உலகைச் சுற்றிவரச் செய்த கற்பனை மனிதரை மெய்யாகவே முந்துவது அவள் எண்ணம். இந்த யோசனையை அவள் முதலிற் பத்திரிகை அலுவலகத்திற் கூறியபோது, பெண்ணுக்கு ஒரு துணை வேண்டும், பெட்டிகளும் பல வேண்டும், ஆகவே ஆணொருவரையே அனுப்பலாமென்று மறுமொழி கிடைத்தது. அங்கும் "ஆரோடை?" தான்! அப்படி ஓர் ஆணை அனுப்பினால், தான் அதே நாளில் வேறொரு பத்திரிகைக்காகப் புறப்பட்டு அவரை முந்துவதாக அவள் சொல்லிவிட்டாள். ஓராண்டு கழித்து அவளையே அனுப்பினார்கள். அவள் கொண்டுசென்றது பதினாறு அங்குல அகலமும் ஏழு அங்குல உயரமுங் கொண்ட ஒரே கைப்பை. அதற்குள் மைக்கூடு, பேனைகள், ஊசி நூல், கைக்குட்டைகள், முகத்துக்குப் பூசுங் களிம்புப் போத்தல் ஒன்று. அக்களிம்புப் போத்தல்தான் பையை மூடவிடாமல் தொல்லை கொடுத்ததாக அவளே எழுதியிருக்கின்றாள். (இதனை என் மருமகள் இருமுறை சொல்லக் கேட்டு இரசித்தாள்.)

அவள் நமது கொழும்புக்கும் வந்தவள் என்பதைப் பலர் அறியார். அடுத்த கப்பல் தாமதித்தமையால் டிசம்பர் மாதத்தில் ஐந்து நாட்கள் இங்கே காத்திருக்க நேர்ந்தது. துறைமுகத்துக்கு அருகிலுள்ள கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலில் தங்கினாள். புகையிரதத்திற் கண்டிக்கும் போய்வந்தாள். கண்டியைப் பற்றி அவள் பெரிதாகப் புகழ்ந்தெழுதவில்லை. கண்டி வாசகர்கள் அவளை மன்னிப்பார்களாக. ஈற்றில் 72 நாட்களில் உலகைச் சுற்றி, 1890 ஜனவரி 25ஆந் திகதி நியூயோர்க் திரும்பினாள்.

ஜப்பானியப் பெண்மணியான ஜுன்கோ தாபேயின் கதை இதனினுங் கடினமானது. பெண்கள் மட்டும் அடங்கிய மலையேறும் சங்கமொன்றை 1969இல் அமைத்த அவரையும் தோழியரையும், வீட்டிலிருந்து பிள்ளை வளர்க்குமாறு சொன்னவர்கள் பலர். பணமில்லை, அவர் பியானோ வாசிக்கக் கற்றுக்கொடுத்துச் சேமித்தார். மோட்டார் வாகன ஆசனங்களின் உறைகளை வெட்டிக் கையுறை தைத்தார்கள். எவரெஸ்ட் மலையில் பனிச்சரிவொன்று கூடாரத்தோடு அவரைப் புதைத்தது, ஷேர்ப்பாக்கள் இழுத்தெடுத்தனர். பன்னிரண்டு நாட்களின் பின், 1975 மே 16ஆந் திகதி, அச்சிகரத்தை அடைந்த முதற் பெண்மணியானார். அப்போது வீட்டில் அவருக்கு மூன்று வயது மகள் இருந்தாள். நம் நாட்டவருள் எவரெஸ்டின் உச்சியை முதன்முதலாக அடைந்தவரும் ஒரு பெண்தான்: 2016 மே 21ஆந் திகதி அங்கே நின்ற ஜயந்தி குரு உதும்பால. ஆண்களுக்கு முன்னர் இந்நாட்டுப் பெண்ணொருத்தி அங்கே போய்விட்டாள் என்பதை நான் வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் பின்வரிசைப் பெண்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எல்லோரும் எவரெஸ்ட் ஏற வேண்டுமா? வேண்டியதில்லை. எனது கனவு மிகச் சிறியது.

நான் பருத்தித்துறையிற் பிறந்தவள். எங்கள் ஊரில் ஒரு வெளிச்சவீடு உண்டு. தீவின் வட எல்லையான சக்கோட்டை முனையும் எங்களுக்கு அண்மையில்தான். தலைவர்களும் பத்திரிகைகளும் நாடு முழுவதையும் குறிக்க வேண்டுமாயின், "பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை" என்பார்கள். அந்த "வரை" எங்கே போய் முடிகின்றதென்று பார்க்க வேண்டுமென்ற ஆசை பத்து வயதில் என்னைப் பற்றிக்கொண்டது. ஐயாவிடம் கேட்டேன்; "கலியாணம் முடிந்த பிறகு அவரோடு போகலாம்" என்றார். கலியாணம் முடியவில்லை. போர் வந்தது, 1990இல் வடபகுதிப் புகையிரதமும் நின்றது, பாதை அடைபட்டது. ஆசை மட்டும் அங்கேயே இருந்தது.

போர்நிறுத்தக் காலத்தில், 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. மறுவருடம் பாடசாலை விடுமுறையில் நான் பஸ்ஸேறிக் கொழும்புக்கு வந்து, மறுநாள் கோட்டையிலிருந்து மாத்தறைப் புகையிரதத்தில் ஏறினேன். எனக்கு வயது முப்பத்தெட்டு. தண்டவாளத்தின் வலப்பக்கத்தில் கடல் கைக்கெட்டுந் தூரத்தில் வந்துகொண்டேயிருந்தது. மாத்தறையிலிருந்து பஸ்ஸில் சிறிது தூரம். தென்னைகளுக்கு மேலே எண்கோண வடிவில் அந்த வெள்ளை வெளிச்சவீடு எழுந்து நின்றது. 49 மீற்றர் உயரம். இலங்கையில் அதைவிட உயர்ந்த வெளிச்சவீடு இல்லை. அதன் விளக்கு எரியத் தொடங்கியது 1890ஆம் ஆண்டில். கொழும்பிலிருந்து கிழக்கே சென்ற நெல்லி பிளையின் கப்பல் அதன் ஒளியைக் கண்டிராது. அதற்கப்பால் தெற்கே பனிசூழ்ந்த அந்தாட்டிக்கா வரையில் கடலைத் தவிர வேறொன்றுமில்லை.

அங்கே ஒருகாலத்தில் தேனாவரை நாயனார் கோயில் நின்றது. 1588இல் போர்த்துக்கேயர் அதனை இடித்தனர். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட மும்மொழிக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதி அந்நாயனாரைத்தான் போற்றுகின்றது. கொழும்பு நூதனசாலையில் அதனை இப்பொழுதும் பார்க்கலாம். இவையெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரிந்தவை. புத்தகத்தில் இல்லாத ஒன்றும் அங்கே கிடைத்தது. வீதியோரத்தில் செவ்விளநீர் விற்றுக்கொண்டிருந்த முதியவள், "தனியாகவா வந்தாய்?" என்று சிங்களத்திற் கேட்டாள். ஆம் என்றேன். எங்கேயிருந்து என்றாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "பேதுருதுடுவ" என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரியைக் கூவி அழைத்தாள். அவர்களுடைய மொழியிலும் அதே தொடர் உண்டு. அங்கே அது தேவேந்திரமுனையிற் தொடங்கிப் பருத்தித்துறையில் முடிகின்றது. சிறுவயது முதல் கேட்டுவந்த ஊரிலிருந்து ஒரு மனுஷி மெய்யாகவே வந்து நிற்பதை அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். இளநீருக்குக் காசு வாங்கவில்லை.

கலியாணம் முடித்து "அவரோடு" போயிருந்தால் அக்கிழவி அவரிடந்தான் பேசியிருப்பாள் என்பது என் அபிப்பிராயம். விவாகமான சகோதரிகள் சினங்கொள்ள வேண்டாம்; கணவருடன் செல்வதும் இன்பமே. ஆயினும் அது வேறு பிரயாணம்.

சியோல் போக விரும்பும் பதினொரு பெண்களுக்கும் நான் சொன்னது அதிகமில்லை. கடவுச்சீட்டை இப்பொழுதே எடுத்துவையுங்கள். அது கையிலிருந்தால் ஆசைக்கு ஓர் எலும்பு உண்டாகும். முதற் சம்பளத்திலிருந்தே ஒரு தொகையைத் தனிக்கணக்கிற் போடுங்கள். அக்கணக்கை நகைக்கோ, அண்ணனின் மோட்டார்சைக்கிளுக்கோ உடைக்க விடாதீர்கள். அதுவரை அயலூருக்குப் போய்ப் பழகுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பொழுதுபடுமுன் தங்குமிடஞ் சேருங்கள். போகும் இடத்தை வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். பை உங்களாலேயே தூக்கக்கூடியதாக இருக்கட்டும். பாதுகாப்புக் குறித்துப் பெற்றோர் கொள்ளும் அச்சம் வீணானதன்று. பஸ்ஸிற் பெண்கள் படும் தொல்லையை நானும் அறிவேன். ஆனால் அத்தொல்லை அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸிலும் உண்டு. அதற்காக எவரும் உத்தியோகத்தை விடச் சொல்வதில்லை. கைத்தொலைபேசியிற் படமெடுத்து உலகுக்குக் காட்டுவதற்கென்றே போகின்றவர்களிடம் எனக்கு அவ்வளவு மதிப்பில்லை. ஆயினும் அதற்காகவாவது போகட்டும்.

குவைத் என்று எழுதிய பிள்ளை உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இப்பொழுது தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கின்றாள். அவளது தாய் இன்னமும் திரும்பவில்லை.

என் மருமகளின் விஷயத்தில் வீட்டில் மூன்று வாரம் வாக்குவாதம் நடந்தது. நான் துணைக்குப் போவதென்றால் சரி என்றான் தம்பி. நான் முழங்கால் வலியென்று சொல்லிவிட்டேன். வலி உண்மையில் இருக்கின்றது. மாத்தறைக்குப் போக முடியாத அளவுக்கு இல்லை. அவன் தாய் கேட்டுப் பார்த்தாள், தாரம் கேட்டுப் பார்த்தாள், அசையவில்லை. நேற்றிரவு, சாப்பாட்டு மேசையில், ஒருவரையும் பாராமல், பிட்டைக் குழைத்துக்கொண்டே கேட்டான்:

"காலமை றெயில் எத்தனை மணிக்கு?"